பழைய மோட்டார் வண்டி வாங்குமுன் செய்யத்தக்க பரிசோதனை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் முன்னோர். விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ அவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தனர், குளம்பை நோக்கினர், சுழியை ஆராய்ந்தனர், நாலடி நடத்திக் கண்டனர், அதன் பின்னரே முன்பணம் கொடுத்தனர். இக்காலத்தில் நம்மிற் பலர் மாட்டுச் சந்தைக்குச் செல்வதில்லை. பழைய மோட்டார் வண்டிச் சந்தைக்கே செல்கின்றோம். ஆனால் அவர்கள் மாட்டை அறிந்திருந்த அளவு நாம் வண்டியை அறியோம். ஆதலின், அறிந்தார் ஒருவரைக் கொண்டு வண்டியைப் பரிசோதித்தல் எத்தகையது, அதனால் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இவ்வியாசத்திற் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தாம்பரத்திற்கு வடமேற்கே, குன்றத்தூரை அடுத்துள்ள திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டும் உறுப்புகளைச் செய்யும் சிற்றாலைகள் பல அங்குள்ளன. அங்குப் பணிபுரியும் ஒருவர், பல ஆண்டுகள் சேர்த்த பொருளைக் கொண்டு தம் குடும்பத்திற்கு முதன்முதலாக ஒரு பழைய வண்டி வாங்க எண்ணுகிறார் என வைத்துக்கொள்வோம். வண்டியின் உறுப்பொன்றை நாள்தோறும் தம் கையாற் கடைபவராயினும், தாம் வாங்கப்போகும் வண்டியின் பழைய வரலாற்றை அவர் அறியார், விற்பவரே அறிவார். இவ்வேற்றுமையால் விளையும் கேட்டை ஜார்ஜ் ஆகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விளக்கினார். வாங்குவோர் ஐயத்தால் விலையைக் குறைத்துக் கேட்பர். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையார் விற்க மனங்கொள்ளார். ஈற்றிற் சந்தையில் பழுதுபட்டனவே மிகும். இவ்வாராய்ச்சிக்காக 2001-இல் அவர் வேறிருவருடன் நோபெல் பரிசு பெற்றார். அறியாமையாகிய இவ்விடைவெளியைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே பரிசோதனை.

நம் பகுதியில் இதற்குத் தனிப்பட்டதோர் அவசியமும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகச் சென்று திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றிற் கலக்கின்றது. 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவ்வேரியினின்று விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அப்பெருமழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களிலும் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் வண்டிகள் பல நீரில் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு காப்பீடு செய்த மதிப்பில் முக்காற் பங்கிற்கு மேற்பட்டால், வண்டியை முழு நஷ்டமெனக் கொண்டு, எஞ்சியதை விற்றுவிடுவது இன்ஷூரன்ஸ் வழக்கம். அங்ஙனம் கைமாறியவற்றுட் சில, கழுவி மெருகிடப்பெற்று மீண்டும் சந்தைக்கு வருதல் கூடும்.

பரிசோதனையின் முதற்பகுதி தஸ்தாவேஜுகளைப் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியிற் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். அதிற் கடன் கொடுத்த பாங்கின் பெயர் காணப்படின், கடன் தீர்ந்தமைக்குரிய கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இன்ஷூரன்ஸில் முன்பு நஷ்டஈடு பெறப்பட்டதா, செலுத்தப்படாத அபராதம் உண்டா, பழுதுபார்த்த சீட்டுகளில் ஏறிவந்துள்ள கிலோமீட்டர் கணக்கு இப்போது மீட்டர் காட்டும் கணக்கோடு பொருந்துகிறதா என்பனவும் பார்க்கத்தக்கன. மீட்டர் 30,000 என்று காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் முற்றும் தேய்ந்திருப்பின், மீட்டரைவிட ரப்பரை நம்புதலே அறிவுடைமை.

அடுத்தது உடற்பகுதி. வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவியொன்றை மெக்கானிக் கதவு, பானெட், டிக்கி முதலியவற்றின்மேல் வைத்துப் பார்ப்பார். ஆலையிற் பூசிய வர்ணம் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அளவு பன்மடங்கு மிகுந்தால், அங்கே டிங்கரிங் செய்து பட்டி பூசியிருத்தல் வேண்டும். கதவில் ஏற்பட்ட சிறு கீறலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. சேஸிஸ் வளைந்து ஒட்டப்பட்டிருப்பின் அவ்வண்டியை நாடாதிருத்தலே நன்று. டயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்க எண் அதன் பிறந்த நாளைக் கூறும். 2319 எனில் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

நீரில் மூழ்கியமையை அறிதற்கு மூக்கும் விரலுமே சிறந்த கருவிகள். ஸீட் பெல்ட்டை முற்றும் வெளியே இழுத்துப் பார்த்தால், கழுவுவோர் கைக்கு எட்டாத அதன் அடிப்பகுதியிற் சேற்றுக் கறை தோன்றும். தரைவிரிப்பைத் தூக்கினால் ஈர நாற்றமும், இருக்கைகளைப் பிணிக்கும் போல்ட்டுகளில் துருவும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டலும் காணலாம். வண்டிக்குள் வாசனைத் திரவியம் மிதமிஞ்சி வீசினால், அஃது எந்நாற்றத்தை மறைக்கின்றது என வினவுக. மூழ்கிய வண்டி அன்றே நின்றுவிடும் என்பதில்லை. மின்கம்பிகளின் இணைப்புகளிற் புகுந்த ஈரம் மெல்ல அரித்து, ஓராண்டு கழித்தும் நடுவழியில் விளக்கையோ இன்ஜினையோ அணைத்துவிடக் கூடும். விபத்துக் காலத்தில் விரியவேண்டிய காற்றுப்பை விரியாமற் போதலும் கூடும். ஆகவே இங்குப் பொருளோடு உயிரும் பணயமாகின்றது.

மூன்றாவது இன்ஜின். பரிசோதனைக்கு முன் அதனை ஓட்டிச் சூடேற்றாதிருக்குமாறு விற்பவரை வேண்டிக்கொள்க. குளிர்ந்த நிலையிலேயே அதன் குறைகள் நன்கு வெளிப்படும். ஸைலன்ஸரில் நீலப் புகை தொடர்ந்து வரின் ஆயில் எரிகின்றது. சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நீங்காவிடின் கூலண்ட் உள்ளே கசிதல் கூடும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் குறிக்கும். பின்னர் ஸ்கேனர் கருவியை இணைத்து, வண்டியின் கணினியிற் பதிவான பழுதுகளைப் படிப்பர். விற்பதற்குச் சற்று முன் அப்பதிவுகள் அழிக்கப்பட்டிருப்பின், வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியாதிருத்தலை அக்கருவியே காட்டிக்கொடுக்கும். வண்டியை மேலே தூக்கி அடிப்புறத்தை நோக்குதலும், மேடுபள்ளமான சாலையிலும் வேகமாகச் செல்லத்தக்க சாலையிலும் ஓட்டிப் பார்த்தலும் இன்றியமையாதன. இவையனைத்திற்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேண்டும். பத்து நிமிஷத்தில் முடிவது பரிசோதனையாகாது.

இனி, இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது இதில் அடங்காது. நாளை எது பழுதாகும் என்று சொல்லும் ஜோசியமும் அன்று. அன்றியும், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, பொருளின் தரத்தைப் பற்றிச் சொல்லாமலே அமையும் உத்தரவாதம் பொதுவாக இல்லை. அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரத்தைக் கொண்டு வாங்கினால், அது விற்பனைக்குரிய தரமுடையதாதல் வேண்டும் என்னும் விதிவிலக்கு உண்டு. அங்கும், வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவ்விலக்குத் துணைசெய்யாது. எனவே பெயரளவில் செய்த பரிசோதனை நம்மைக் காவாததோடு, நமக்கு எதிராகவும் நிற்கக்கூடும். செய்வதாயின் முழுதும் செய்க. கண்டவற்றை எழுத்தில் வாங்குக. விற்பவர் சொல்லும் உறுதிமொழியையும் எழுத்திற் பெறுக. விற்பவருக்கு வேண்டியவரல்லாத மெக்கானிக்கையே அமர்த்துக.

குறையே இல்லாத பழைய வண்டி கிடைத்தலரிது. பரிசோதனைச் சீட்டைக் கொண்டு, பொறுக்கத்தக்க குறைகளின் செலவை விலையிற் கழிக்கலாம். பொறுக்கலாகாத குறை காணின் விலகலாம். பரிசோதனைக்கே இசையாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டுவதில்லை. விலை முடிந்தபின் 29, 30 எண் படிவங்களைக் கையொப்பமிட்டுக் கொடுத்து வாங்கியதோடு நின்றுவிடலாகாது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் கைமாறியதைப் பதிவதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

மாட்டின் பல்லைப் பார்த்தவனை அதை விற்ற குடியானவன் கோபித்ததில்லை. நல்ல மாடாயின் தானே வாயைத் திறந்து காட்டினான். நல்ல வண்டியுடையாரும் அங்ஙனமே செய்வர். கேட்பதற்கு நாணி, பல்லாண்டுச் சேமிப்பை ஒரு நாளில் இழத்தல் வேண்டா.