கேம் பாயில் இசை அமைக்கலாம்: தடைகளும் வழிகளும்

கேம் பாய் விளையாட மட்டும்தான் என எண்ண வேண்டாம். நிண்டெண்டோ நிறுவனம் 1989ல் வெளியிட்ட இந்தக் கையடக்கச் சாதனத்தில் இசையும் அமைக்கலாம். இதற்கென ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 1998ல் நானோலூப் புரோகிராமையும், ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000ல் லிட்டில் சவுண்ட் டிஜே புரோகிராமையும் உருவாக்கினர். இவை சீக்வென்சர் வகையைச் சேர்ந்தவை. எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று நாம் வரிசையாகக் குறித்தால், அதன்படி இசைக்கும். கேம் பாய் கையில் இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் மூலம் இயக்கிப் பார்க்கலாம்.

இதில் சில தடைகள் உண்டு. பலவற்றுக்கு வழி இருக்கிறது. ஒன்றில் மட்டும் அசந்தால் பாட்டே போய்விடும்.

நான்கே சேனல்கள்: கேம் பாய் சிப்பில் சதுர அலைக்கு 2, நாமே வடிவமைக்கும் அலைக்கு 1, இரைச்சலுக்கு 1 என மொத்தம் 4 சேனல்கள். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். அப்படியானால் கார்டு வாசிப்பது எப்படி? மூன்று ஸ்வரங்களையும் மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தால், காது அதைக் கார்டாகவே ஏற்கும். லிட்டில் சவுண்ட் டிஜேயில் சி47 என்ற கட்டளை மேஜர் கார்டையும், சி37 மைனர் கார்டையும் தரும்.

மேல் ஸ்தாயியில் சுருதி விலகும்: சதுர அலையின் அதிர்வெண், 131072ஐ ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பது. ஸ்தாயி ஏற ஏற இடைவெளி பெரிதாகும். எடுத்துக்காட்டாக, 2093 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் கிடைப்பது சுமார் 2081 அல்லது 2114தான். எனவே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி அமையுங்கள்.

பதினாறு வரிசைகள்: லிட்டில் சவுண்ட் டிஜேயில் ஒரு ஃப்ரேஸில் 16 வரிசைகள் இருக்கும். நான்கு நான்காக எண்ணும் தாளத்திற்கு இது சரி. மூன்றாக எண்ணும் தாளத்திற்கு, 13ஆவது வரிசையில் (திரையில் இது சி என்று தெரியும்) ஹெச் கட்டளையைக் கொடுங்கள். 12 வரிசைகள் முடிந்ததும் அடுத்த ஃப்ரேஸுக்குத் தாவிவிடும்.

சேமிப்பு: பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் பாடல்கள் ஒரு சிறிய பட்டன் பேட்டரியின் தயவில்தான் இருக்கின்றன. அது தீர்ந்தால் எல்லாம் அழியும். இதற்கு கேம் பாயிலேயே தீர்வு இல்லை. கார்ட்ரிட்ஜ் ரீடர் மூலம் சேமிப்பு பைலை அவ்வப்போது கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். பேட்டரி மாற்றும் முன்பும் இதைச் செய்வது கட்டாயம்.

எமுலேட்டரில் இயக்குபவர்களும் கவனிக்க வேண்டும். சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியின் நிலையை மட்டும் பதிவு செய்வது. பாட்டைப் புரோகிராமுக்குள்ளேயே சேவ் செய்து, எஸ்.ஏ.வி. என முடியும் பைலைத் தனியாக ஒரு போல்டரில் காப்பி எடுத்து வையுங்கள். காப்பி இருந்தால், பேட்டரி போனாலும் பாட்டு போகாது.