ரசீது இல்லாத நன்கொடை

தேர்தல் வந்துவிட்டால் நன்கொடைப் புத்தகமும் கையுமாகக் கட்சியினர் கடையேறி வருவது நம் வணிகப் பெருமக்களுக்குப் பழகிய காட்சி. ஐந்நூறோ ஆயிரமோ எழுதினால் கட்சிப் பெயர் அச்சிட்ட ரசீது கிடைக்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கட்சிக்காரர் தம் தொகையைக் கேட்பார்!

பெரிய கம்பெனிகளுக்கு 2018 முதல் இந்தத் தொல்லை இல்லாதிருந்தது. ஸ்டேட் வங்கியில் தேர்தல் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால் போதும். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பும் 2017-ல் நீக்கப்பட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிக்கணக்கில் கொடுக்கலாம் என்றாயிற்று. நஷ்டக் கணக்கு எழுதும் மளிகைக்காரர் கோயில் திருவிழாவுக்கு 101 ரூபாய் எழுதவே யோசிப்பார்.

இந்தக் கவலை புதிதல்ல. 1957-ல் டாடா இரும்புக் கம்பெனி கட்சி நிதி கொடுக்க அனுமதித்த பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா, இது ஜனநாயகத்தின் கழுத்தையே நெரிக்கக்கூடும் என்று அத்தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1969-ல் கம்பெனி நன்கொடை அறவே தடை செய்யப்பட்டது. 1985-ல் வரம்போடு திரும்பி வந்தது.

அமெரிக்காவில் 2010-ல் உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை கம்பெனிக்கும் உண்டு, எனவே அது தேர்தல் பிரசாரத்துக்குத் தன் பொறுப்பில் வரம்பின்றிச் செலவிடலாம் என்றது. நம் நாட்டில் பேச்சுரிமை குடிமக்களுக்கு உரியது. கம்பெனி குடிமகன் அல்ல என்று 1963-லேயே நம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கம்பெனிக்கு ஓட்டும் இல்லை. முதலாளி தம் சொந்தப் பணத்தைக் கொடுக்கட்டும், யார் தடுத்தார்? கம்பெனிப் பணம் பங்குதாரர்கள் அனைவருடையது அல்லவா?

பெயர் தெரிந்தால் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்ததும் பழிவாங்கும் என்பது அவர்கள் வாதம். அந்தப் பயம் நமக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் ரசீது வாங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்?

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகப் பத்திரத் திட்டம் செல்லாது என்றனர். வரம்பை நீக்கியதும் செல்லாது என்றனர். அதற்குள் விற்றிருந்த பத்திரங்களின் மதிப்பு சுமார் 16,500 கோடி ரூபாய்.

சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கும் ஆன்லைன் வணிகத்துக்கும் விதி எழுதுவது அரசுதான். எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பது ஓட்டுப் பதிவுக்கு முன்பே வெளியாக வேண்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் சங்கம் இதை எழுத்து மூலம் கேட்கலாம்.