கிறுக்கலில் பிறக்கும் முகம்

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் பேருந்துக்கு நிற்பவர்கள் சுவர் எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியாது. கட்சிப் பெயர், சிமெண்ட் விளம்பரம், கோயில் விழா என்று எல்லாம் அங்கே உண்டு. எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் நூலில் வண்ணப்பொடி தடவி, இரு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். விழுந்த கோட்டுக்குள் எழுத்து அளவோடு உட்கார்ந்துவிடும். எழுத்துக்கு அந்தக் கோடு போதும். முகத்துக்குப் போதாது.

கைபேசித் திரையில் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு முகத்தை 12 மீட்டர் சுவரில் வரைய வேண்டுமானால் 300 மடங்கு பெருக்க வேண்டும். படத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் சுவரில் 30 சென்டிமீட்டர் தவறும். கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். சாரத்தில் நிற்பவருக்கோ கண்ணெதிரே தெரிவது ஒரு மூக்கு நுனி மட்டுமே.

பழைய வழி, படத்திலும் சுவரிலும் சம எண்ணிக்கையில் கட்டம் போடுவது. ஆனால் கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், உயரத்தில் நிற்கும்போது எண்ணிக்கை குழம்பும். புரொஜெக்டருக்கு இருட்டும் எதிரே போதிய இடமும் வேண்டும். நம் தெருக்களில் இரண்டும் அரிது. இன்றைய சுவரோவியர் பலர் வேறொன்று செய்கிறார்கள். வெற்றுச் சுவர் முழுக்கச் சுழி, எண், எழுத்து என்று மனம் போனபடி கிறுக்குகிறார்கள். அந்தச் சுவரைப் படமெடுத்து, வரைய வேண்டிய முகத்தைக் கைபேசியிலேயே அதன்மேல் மங்கலாகப் படியவைக்கிறார்கள். இடது புருவம் 'ழ'வின் வாலில் தொடங்கி முக்கோணத்தின் மூலையில் முடிகிறது என்று திரை காட்டிவிடும். ஒரு கிறுக்கல் போல இன்னொன்று இல்லாததால் இடம் தவறாது. புகைப்படக்கலை இங்கே அளவுகோலாகவே மாறிவிடுவதுதான் என்னை வியக்க வைக்கிறது.

பிறகுதான் வண்ணம். பாசியும் உப்பும் போகச் சுவரைச் சுரண்டிக் கழுவி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனோ ஸ்ப்ரேயோ கொண்டு வரைவார்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பல சமயம் வெயிலில் முதலில் வெளுக்கும். இரும்பு ஆக்சைடான காவி நெடுநாள் தாங்கும்.

இந்தக் கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும். 2021-இல் ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் அங்கே மனித முகங்களை வரிசையாக வரைந்தார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் மற்றவர்களும் அந்த வரிசையில் கலந்திருக்கிறார்கள். யார் எவர் என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. சொல்ல வந்ததும் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு, நகரத்துக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பு குடியிருப்புச் சுவர்களை ஓவியங்களால் நிறைத்தது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று வருந்திய மக்களின் தெருக்களைத் தேடிப் பார்வையாளர்கள் வந்தார்கள். வண்ணம் வேலையையும் பேருந்தையும் தந்துவிடாது. அவற்றைக் கேட்பவர்களின் முகத்தை ஊர் பார்க்கச் செய்யும்.

சேத்தியாத்தோப்பில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒரு பெரிய சுவர் கிடைத்தால் முதலில் அவர்கள் முகம் ஏற வேண்டும் என்பேன். படமெடுக்கும் முன் அவர்கள் சம்மதத்தையும், வரையும் முன் எந்தப் படம் என்ற அவர்கள் தேர்வையும் கேட்க வேண்டும்.