நிவாரணம் முடியும் முன் அரச பதிவைச் செய்துகொள்ளுங்கள்

மீள்குடியேறும் குடும்பங்களுக்கு நிறுவனங்கள் தரும் உதவி குறுகிய காலத்துக்கே. 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கில் மீள்குடியேறியவர்களுக்கு உலக உணவுத் திட்டம் ஆறு மாதங்களுக்கு உலர் உணவு வழங்கியது. ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் கொட்டில் அமைக்க 25,000 ரூபா கொடுத்தது. ஆனால் பற்றை வளர்ந்த காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, முதல் வெங்காயத்தை விற்றுக் காசு காண அதைவிடக் கூடிய காலம் எடுக்கும். அந்த இடைவெளியில் கைகொடுப்பது அரசாங்கத்தின் சமூகநலக் கொடுப்பனவுகளே.

இரண்டு பட்டியல்கள்

எமது நிவாரணப் பட்டியல் வேறு, அரசாங்கத்தின் பட்டியல் வேறு. நிவாரண அட்டை உள்ளதால் அரச கொடுப்பனவு தானாகக் கிடைக்காது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. இப்படி ஊர் திரும்புவோரின் பதிவு முகாம் இருந்த பிரிவிலேயே தங்கிவிட்டால், புதிய இடத்தில் உதவி பெறுவது சிரமமாகும்.

என்னென்ன கிடைக்கலாம்?

• அஸ்வெசும: 2023இல் ஆரம்பமானது. 22 அளவுகோல்களின்படி குடும்பங்கள் தெரிவாகின்றன. 2025 ஜனவரி முதல் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா. பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.
• முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்களுக்கான கொடுப்பனவுகள்.
• மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப்பணம்.
• கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் திரிபோஷ. குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள்.

செய்யவேண்டியவை

1. பழைய பிரிவின் கிராம அலுவலரிடம் இடமாற்றத்தைத் தெரிவித்துக் கடிதம் பெறுங்கள்.
2. அதைப் புதிய பிரிவின் கிராம அலுவலரிடம் கொடுத்துக் குடும்ப விபரத்தைப் பதியுங்கள்.
3. பிரதேச செயலகத்தில் அஸ்வெசும முகவரியை மாற்றுங்கள். முன்பு பதியாதவர்கள் எப்போது விண்ணப்பிக்கலாம் எனக் கேளுங்கள்.
4. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஒன்றாக வைத்திருங்கள். தொலைந்தவற்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

கணவரோ பிள்ளையோ காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், உதவி பெறுவதற்காக மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் பெறும் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் காட்டிச் சமூகநலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பெயர் வராவிட்டால்?

பட்டியலில் பெயர் இல்லையென்றால் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இன்று உதவி கிடைக்காவிட்டாலும் பதிவு வீண்போகாது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா முடக்கத்தின்போது அரசாங்கம் 5,000 ரூபா வழங்கியபோது, சமுர்த்தி பெற்றவர்களுக்கு மட்டுமன்றிக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. வெள்ளமோ வரட்சியோ வரும்போதும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது இருக்கின்ற பதிவைத்தான்.

படிவம் நிரப்பச் சிரமமானால் எமது வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். படிவம் நிரப்பித் தருவதற்கு எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.