ஒப்புக்குச் சப்பாணி இல்லாத ஆட்டம்!

தெருவில் பிள்ளைகள் ஆள் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக ஓடுகிறவன் முதலில் போவான். சுமாராக ஓடுகிறவன் அடுத்து. கடைசியில் ஒரு குழந்தை மிச்சமாக நிற்கும். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பாக இருக்கும். அல்லது நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கும். அல்லது சொன்னது மண்டையில் ஏற இரண்டு நிமிஷம் ஆகும். 'சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி' என்று ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

வைத்தியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. எந்தக் குழந்தைக்கு ஓட்டமும் ஆட்டமும் அதிகம் தேவையோ, அதற்குத்தான் அது கிடைப்பதில்லை. பசித்தவனை எழுப்பிவிட்டு, சாப்பிட்டு வந்தவனுக்கு இலை போடுகிற பந்தி மாதிரி!

இப்படி யாரையும் எழுப்பிவிடாத பந்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், அதுவும் 60 வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. உங்களில் பலருக்குப் பேரன் பேத்திகள் அங்கே இருப்பார்கள். 'சனிக்கிழமை காலையில் சாக்கர் இருக்கு தாத்தா, போன் பண்ணாதீங்க' என்று அவர்கள் சொல்வது இதைப் பற்றித்தான். நாம் கால்பந்து என்பதைத்தான் அவர்கள் சாக்கர் என்கிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது?

1964-ல் கலிபோர்னியா மாநிலத்தில் டாரன்ஸ் என்ற ஊரில் ஒன்பது அணிகளோடு 'அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்' என்ற அமைப்பு தொடங்கியது. சுருக்கமாக ஏ.ஒய்.எஸ்.ஓ. தலைமை அலுவலகத்தில்தான் சம்பள ஊழியர்கள். ஊர் ஊராக இருக்கும் கிளைகளில் வேலை செய்பவர்கள் தன்னார்வத் தொண்டர்கள். கோச், நடுவர், பணம் வாங்கி ரசீது போடுகிறவர், அதிகாலையில் மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவர்... எல்லாரும் அந்தந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும் ஊர்க்காரர்களும்தான். திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்கள்!

இவர்களுடைய விதிகள் எளிமையானவை. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆரோக்கிய ரகசியம் இருக்கிறது.

எல்லாரும் ஆடணும்: சேர்ந்த ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருந்தாக வேண்டும். தோற்றாலும் சரி, ஜெயித்தாலும் சரி, பெஞ்சில் உட்கார வைத்தே சீஸனை ஓட்ட முடியாது.

தேர்வு கிடையாது: 'ஓடிக் காட்டு, உதைத்துக் காட்டு' என்ற சோதனை இல்லை. விருப்பம் இருந்தால் பெயர் கொடுக்கலாம்.

சமமான அணிகள்: கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேராதபடி, பிள்ளைகளின் திறமையைக் கணக்கிட்டுப் பிரித்துப் போடுகிறார்கள்.

திட்டாத கோச்: தப்பாக உதைத்தால் கத்துவதில்லை. செய்ததில் நல்லதைச் சொல்லி, அடுத்ததைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கோச்சுக்கே பயிற்சி தருகிறார்கள்.

'அதெல்லாம் சரி டாக்டர், நடக்கவே கஷ்டப்படுகிற குழந்தை?' என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1991-ல் உடல் குறையோ, அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்காக 'வி.ஐ.பி.' என்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். பின்னாளில் 'எபிக்' என்று பெயர் மாற்றினார்கள். இதில் 'பட்டி' என்று ஒருவர் களத்திலேயே கூட நிற்பார். பட்டி என்றால் தோழன், தோழி. சக்கர நாற்காலியைத் தள்ளுவார். விசில் சத்தத்தில் மிரளும் ஆட்டிசம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வார். பந்து எங்கே என்று காட்டுவார். ஆனால் பந்தை உதைப்பது குழந்தைதான்.

எல்லாருக்கும் தனிப் பிரிவுதானா? இல்லை. முடிகிற குழந்தை வழக்கமான அணியிலேயே ஆடலாம். எது நல்லது என்பதைப் பெற்றோரும் கோச்சும் சேர்ந்து பேச வேண்டும். 'மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ' என்று பெரிய அணியில் திணிப்பதும் தப்பு. 'இவனால் முடியாது' என்று முன்கூட்டியே ஒதுக்குவதும் தப்பு. குழந்தை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறதா? அதுதான் உங்களுக்கான விடை.

உடம்புக்கு என்ன லாபம்?

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் இதே அளவைத்தான் சொல்லியிருக்கிறது. ஓடியாடினால் எலும்பு பலப்படும், இருதயம் உறுதியாகும், ராத்திரி நல்ல தூக்கம் வரும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று பதினான்கு சொல்வார்கள். தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் நீர்வேட்கையும் இளைப்பும் உண்டு. தாகத்தை அடக்காதே, களைப்பை மறைத்து மேலே மேலே ஓடாதே என்பதுதான் பொருள். ஆனால் குழந்தைகள் என்ன செய்கின்றன? ஆட்ட மும்முரத்தில் இரண்டையும் அடக்கிக்கொள்கின்றன! ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆட்டங்களில் இடைவேளையில் மட்டுமல்ல, ஒவ்வொரு பாதியின் நடுவிலும் நிறுத்தி ஆள் மாற்றுவார்கள். எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுக்க ஏற்பட்ட வழக்கம், தண்ணீர் குடிக்கவும் இளைப்பாறவும் வசதியாகிவிட்டது. இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுப்பது அங்கே பழைய பழக்கம். வியர்த்த உடம்புக்கு அருமையான உபசாரம். கலர் கலரான சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலைவிட இது எவ்வளவோ மேல்.

சின்னப் பிள்ளைக்குச் சின்ன ஆட்டம்

ஆறு வயதுக் குழந்தையைப் பெரிய மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொரு பேராக விட்டால் அது பந்தைத் தொடவே தொடாது. அதனால் அமெரிக்காவில் 8 வயதுவரை பக்கத்துக்கு 4 பேர், 9, 10 வயதில் 7 பேர், 11, 12 வயதில் 9 பேர் என்று வைத்திருக்கிறார்கள். பந்தும் அப்படியே: சின்னவர்களுக்கு 3-ம் நம்பர், அடுத்து 4, பிறகுதான் பெரியவர்களின் 5-ம் நம்பர். ஆள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பந்து அதிகம் கிடைக்கும், ஓட்டமும் அதிகம்.

தலை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக்கூடாது என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2015-ல் அறிவித்தது. கலிபோர்னியாவில் 2017 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே குழந்தை அன்று முழுவதும் ஆடக்கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே திரும்பலாம். 'ஒண்ணுமில்ல, எழுந்து ஓடுடா' என்று சொல்கிற பழக்கத்தை நாமும் விடவேண்டும். தலைவலி, வாந்தி, குழறல், வெறித்த பார்வை, வழக்கமில்லாத தூக்கம் ஆகியவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

சேர்ப்பதற்கு முன் பெற்றோர் செய்ய வேண்டியது

ஆஸ்துமா: முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இன்ஹேலர் காரில் அல்ல, மைதான ஓரத்துப் பையில் இருக்க வேண்டும். 'சித்த வைத்தியர்தானே, இன்ஹேலரை நிறுத்தச் சொல்வார்' என்று நினைக்காதீர்கள். நிறுத்தவே கூடாது!

வலிப்பு: மருந்தால் கட்டுப்பட்டிருந்தால், உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆடலாம். கோச்சுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டவுன் சிண்ட்ரோம்: இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்து வலி, நடையில் தடுமாற்றம், திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஆகியவை தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

எல்லாருக்கும்: முழங்காலுக்குக் கீழே கட்டும் தடுப்புப் பட்டை கட்டாயம். கோல் கம்பம் தரையில் இறுக்கிப் பிணைத்திருக்கிறதா என்று பாருங்கள். கவிழும் கம்பம் உயிரையே வாங்கும். இடி கேட்டால் உடனே கூரைக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமான விஷயம். சேவை செய்ய வருகிறேன் என்று சொல்கிற எல்லாரையும் நம்பிவிட முடியாது. கலிபோர்னியாவில் 2022 முதல், பிள்ளைகளோடு வழக்கமாகப் பழகும் தொண்டர்கள் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 'நான் நல்லவன், என்னைப் போய்ச் சந்தேகப்படுவதா' என்று கோபிப்பவரிடம் நைச்சியமாகச் சொல்லுங்கள்: சந்தேகம் உங்கள் மேல் இல்லை சார், பொறுப்பு குழந்தைகள் மேல்.

ஆள் வேண்டுமே!

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தொண்டர்கள்தான். கோச் வராவிட்டால் அணி இல்லை. நடுவர் இல்லாவிட்டால் ஆட்டம் தடுமாறும். நாலு பேர் தலையில் எல்லா வேலையும் விழுந்தால் இரண்டு சீஸனில் சலித்துப்போய் விலகிவிடுவார்கள். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் பலர் எடுத்துக்கொள்ளும் கிளைதான் நீடிக்கிறது. பந்தாடத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆரஞ்சு உரிக்கலாம், பெயர்ப் பட்டியல் சரிபார்க்கலாம், ஒரு குழந்தைக்குப் பட்டியாக நிற்கலாம்.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போயிருக்கும் தாத்தா பாட்டிகளே! மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு நீங்களும் சனிக்கிழமை மைதானத்துக்குப் போங்கள். தொப்பி மறக்க வேண்டாம். ஓரத்தில் நின்று 'உதை, உதை' என்று கத்தாதீர்கள். அது கோச்சின் வேலை. திரும்பி வரும்போது 'எத்தனை கோல் போட்டே?' என்று முதல் கேள்வியைப் போடாதீர்கள். 'தண்ணி குடிச்சியா? சந்தோஷமா ஆடினியா?' என்று கேளுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அந்தக் குழந்தை தானாக ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.