நீர் வடிந்தால்தான் யானை வரும்

பத்து பாகாட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குளுவாங் போய்விடலாம். அந்தப் பக்கத்துக் காடுகளிலும் கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களிலும் காட்டு யானைகள் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் யானை புகுந்தது என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். ஆனாலும் நம் மழைக்காட்டில் யானையைப் படம் பிடிப்பது அரிது. மரங்கள் நெருக்கமானவை. ஓடைகளில் எப்போதும் நீர் இருப்பதால் யானைகள் ஒரே இடத்தில் கூட வேண்டிய அவசியமும் இல்லை.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. வறண்ட மாதங்களில் நமீபியாவின் எத்தோஷாவிலும், ஆழ்துளைக் கிணற்று நீரால் குட்டைகளை நிரப்பும் சிம்பாப்வேயின் ஹுவாங்கேயிலும் யானைகள் நீர் தேடி வரிசையாக வரும். பயணச் செலவுதான் யோசிக்க வைக்கும். அப்படியொரு காட்சியைப் பக்கத்திலேயே காண நான் தேர்ந்தெடுத்தது இலங்கையின் மின்னேரியா.

பொலன்னறுவை மாவட்டத்தில் உள்ள இந்தக் குளத்தை 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னர் கட்டினார். சுற்றியுள்ள காடு 1997இல் தேசியப் பூங்கா ஆனது. ஜூலை முதல் அக்டோபர் வரை, நீர் வடிய வடியக் குளத்தின் படுகையில் பசும்புல் முளைக்கும். முக்கியமாக அதை மேயத்தான் யானைகள் வருகின்றன. உச்சக் காலத்தில் 200, 300 யானைகள்கூடத் திரள்வதுண்டு.

மாலை 5 மணியிலிருந்து ஒளி சாய்ந்து மஞ்சளாகும். யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். படம் முழுவதும் யானை நிறைந்திருந்தால், அந்தக் கருமையைக் கணக்கிட்டு கேமரா படத்தை வெளுக்க வைத்துவிடும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். மண்ணை வாரி முதுகில் போடும் காட்சிக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி இருக்கட்டும். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் யானையின் நிழலுருவம் அழகாக விழும். ஜீப்பில் முக்காலிக்கு இடமில்லை. அரிசி நிரப்பிய துணிப்பையைக் கம்பிமேல் வைத்து லென்ஸைத் தாங்கலாம்.

யானை காதுகளை விரித்து நம்மை நோக்கி நின்றாலோ, பெரிய யானைகள் குட்டியை நடுவில் மறைத்தாலோ நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஓட்டுநரைப் பின்வாங்கச் சொல்லுங்கள்.

யானையும் புல்லும் நீரும் சேர்ந்து தெரியும் அகலமான படங்களையே நான் அதிகம் எடுக்கிறேன். காரணம் உண்டு. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின், வறண்ட மாதங்களிலும் அங்கிருந்து மின்னேரியாவுக்கு நீர் வருகிறது. விவசாயிகளுக்கு அது வாழ்வு. ஆனால் குளம் நிறைந்தே இருக்கும் ஆண்டுகளில் புல்வெளி மூழ்கிவிடுகிறது. தீனி குறைந்து யானைகள் மெலிகின்றன. பசியோடு வயல்பக்கம் போனால் மனிதரோடு மோதல்தான். வறண்ட மாதங்களில் மட்டும் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள் என்று அங்குள்ள வனவிலங்கு ஆர்வலர்கள் கேட்கிறார்கள். குளமும் மதகும் மனிதர் கையில் இருப்பதால் இது முடியாத காரியமல்ல.

போக நினைப்பவர்கள் ஹபரணையில் தங்கலாம். அந்த வாரம் குளத்தில் நீர் எவ்வளவு என்று ஜீப் ஓட்டுநர்களிடம் முதலில் விசாரியுங்கள். நீர் உயர்ந்திருந்தால் யானைகள் அருகிலுள்ள கவுடுல்லை பூங்காவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போயிருக்கக்கூடும். புல்வெளி தெரியும்படி ஒரு படமாவது எடுத்து வாருங்கள். யானை எதற்காக அங்கே வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு அந்தப் படம்தான் சொல்லும்.