பனிநாட்டு வேடனும் நம் பருத்திப் பனியனும்

சென்ற ஜனவரியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எனக்குச் செய்முறைத் தேர்வு. டில்லிக் குளிரை ஒரே அடியில் வென்றுவிட எண்ணி, பருத்திப் பனியன், சட்டை, அதற்குமேல் நண்பரிடம் இரவல் வாங்கிய கனத்த ஓவர்கோட்டு ஆகியவற்றுடன் விடுதியிலிருந்து சைக்கிளை மிதித்தேன். பாதி வழியில் நன்றாக வியர்த்தது. குளிர் தோற்றது என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். மேசைமுன் நின்று அரை மணி ஆவதற்குள் உடல் நடுங்கத் தொடங்கிற்று. நிறமாலைமானியின் திருகைத் திருப்ப விரல் வணங்கவில்லை. ஒரே கோணத்தை மூன்று முறை அளந்தேன். மூன்று விடைகள் வந்தன.

உள்ளுறை வெப்பம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன் நான். அதை உடம்பிலே அறிந்து வாழ்பவர்கள் யார் என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

கானடாவின் வடகோடியில் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். முன்பு பாடப் புத்தகங்கள் எஸ்கிமோ என்று சொன்னது இவர்களைத்தான். கடல் உறைந்த காலத்தில் சீல் என்னும் கடல்நாய், மூச்சுவிடப் பனிக்கட்டியில் துளை வைத்திருக்கும். வேடன் அத்துளையருகே அசையாமல், சில வேளை மணிக்கணக்கில், காத்து நிற்பான். முற்காலத்தில், அதற்குமுன் சறுக்குவண்டியோடு நெடுந்தூரம் ஓடியும் வந்திருப்பான். ஓடும்போது வியர்க்கக் கூடாது. நிற்கும்போது உறையக் கூடாது. என் சைக்கிளுக்கும் மேசைக்கும் இருந்த சிக்கல் இதுவேதான்.

சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிவிடுகிறது. கடுமையாக உழைத்தால் அது நான்கைந்து மடங்காகும். ஒரே கோட்டு இரண்டு நிலைக்கும் எப்படிப் பொருந்தும்? ஆகவே வேடன் மரபுப்படி கரிபூ என்னும் மான்தோலில் இரண்டு அங்கிகள் அணிவான். உள் அங்கியின் மயிர் உடலை நோக்கியும், வெளி அங்கியின் மயிர் வெளியே நோக்கியும் இருக்கும். அம்மயிரின் உள்ளேயே காற்றறைகள் உண்டு; இரண்டு அங்கிகளுக்கும் நடுவே இன்னொரு காற்றுப் படலம். அங்கிகள் தொளதொளவென்று இருப்பதால், ஓடும்போது தலைமூடியைப் பின்னே தள்ளினால் சூடு கழுத்து வழியே வெளியேறிவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் ஆடையில் ஒட்டிய பனியை அதற்கென்றே உள்ள ஒரு கோலால் தட்டி உதிர்ப்பார்கள். உதிர்க்காவிட்டால் அது உருகித் தோலை நனைக்கும்; ஈரத்தோல் மறுநாள் வெளியே விறைத்துவிடும்.

ஆம், ஈரமே பகை. அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பருத்தி நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம். இங்கே அதுவே என்னைக் கவிழ்த்தது.

நார்வே நாட்டு ஆமுண்ட்ஸன், 1903 முதல் 1905 வரை நெட்சிலிக் இனுயிட் மக்களருகே தங்கி இந்த ஆடைக் கலையைக் கற்றார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த அவர் குழுவிடம் தோலாடைகள் இருந்தன.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரே, நமக்கு மான்தோல் வேண்டாம். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை. அதன்மேல் கனத்த ஸ்வெட்டர் ஒன்றுக்குப் பதில் மெல்லியவை இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத சட்டை. இறுக்கமாக மட்டும் வேண்டாம். நடுவிலுள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டால் மூன்று ஸ்வெட்டரும் வீண். இறுகிய பூட்ஸில் இரண்டு ஜோடிக் காலுறை திணிப்பதும் அப்படியே. ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். குரங்குக் குல்லாயைக் கண்டு வடக்கத்தி நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், காது உங்களுடையது.

சைக்கிள் ஏறுமுன் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள். முதல் ஐந்து நிமிஷம் குளிரத்தான் செய்யும். போய்ச் சேர்ந்தவுடன், குளிரும்வரை காத்திராமல், அணிந்துகொள்ளுங்கள். பையில் உலர்ந்த உள்ளாடை ஒன்றும் இருக்கட்டும்.

ஓவர்கோட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரும் அதை அதிகம் போடுவதில்லை.